விருந்தினர் வந்து இறங்கும் முதல் அரைமணி நேரம்: பேசாத தம்பியை மாறச் சொல்லலாமா?

மிளகுக்கொடி

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் நாங்கள் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மூன்று அறைகள். வீட்டுக்குப் பின்னால் தேயிலை, அதைத் தாண்டினால் சோலைக்காடு. சமையலும் கணக்கும் என் பொறுப்பு. வருகிறவர்களை வரவேற்று அறையைக் காட்டுவதும், காலையில் தோட்டத்துக்குள் நடைக்குக் கூட்டிப் போவதும் என் சித்தப்பா மகன். இருபத்திரண்டு வயது.

அவன் பேசமாட்டான். வண்டி வந்து நின்றதும் லேசாகத் தலையசைப்பான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிடுவான். வழியில் ரோடு எப்படி இருந்தது, சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்று ராத்திரி சாப்பிடும்போது விருந்தினர் என்னிடம் தணிந்த குரலில் கேட்பார்கள்: “அந்தத் தம்பிக்கு எங்கள் மேல் ஏதாவது கோபமா?” போன சீசனில் ஒரு பெரியவர் நேராகவே சொன்னார்: “முகம் கொடுத்துப் பேசுகிற ஆளாகப் போடம்மா.”

அதே ஆட்கள் மறுநாள் காலை நடை முடிந்து திரும்பும்போது வேறு மாதிரி வருகிறார்கள். ஒரு நாள் நானும் பின்னால் போனேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே திடீரென்று நின்று உள்ளங்கையை உயர்த்தினான். எல்லோரும் நின்றார்கள். கொஞ்ச தூரத்தில் காட்டெருமையின் முதுகு மட்டும் தெரிந்தது. கூட வந்த சிறுமி பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். இவன் குந்தி உட்கார்ந்து இரண்டு இலையும் மொட்டுமாக ஒரு கொழுந்தைக் கிள்ளி அவள் கையில் வைத்தான். நகம் படாமல் கட்டைவிரலால் மடக்கி ஒடிப்பது எப்படி என்று காட்டினான். அவளும் ஒடித்துப் பார்த்தாள். அதற்குள் எருமை மெல்ல ஓடைப்பக்கம் இறங்கிவிட்டது. மொத்தம் நாலு வார்த்தை பேசியிருப்பான். கிளம்பும் நாளில் அந்தக் குடும்பம் அவனைத் தேடி வந்து கூட நின்று படம் எடுத்துக்கொண்டது.

இது அவன் குணம். ஆனால் முதல் அரைமணியில் ஏன் இவ்வளவு தப்பாகத் தெரிகிறது? அவனை மாறச் சொல்வது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்பேச்சு

நான் கோயம்புத்தூரில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காசு கொடுத்துத் தங்க வருகிறவருக்கு முதல் அரைமணியும் சேர்த்துத்தான் காசு. இ-பாஸ் எடுத்து, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நின்று, பிள்ளைகள் இரண்டு தடவை வாந்தி எடுத்து, ஒரு வழியாக வந்து இறங்குகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது “வாங்க, வாங்க” என்கிற ஒரு முகம். அந்தத் தம்பி நல்லவர் என்பது மறுநாள் தெரிவதால், முதல் நாள் ராத்திரி அவர்கள் மனசு கஷ்டப்பட்டது இல்லை என்று ஆகிவிடாது.

குணம் வேறு, வேலை வேறு. நானும் கூச்ச சுபாவம்தான். பழகிக்கொண்டேன். அவரும் பழகலாம்.

குன்னூர் விசில்

மலைப்பாதையில் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். மேட்டுப்பாளையம், குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று எல்லாத் தடத்திலும் ஓடியிருக்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்தே வயசாகிவிட்டது.

வாய் உள்ளவர் பர்லியார் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் ஊர், வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் கேட்டு முடித்துவிடுவார். குன்னூர் வருவதற்குள் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. இருவரும் தூங்கிவிடுவார்கள். அமைதியான ஆள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவார். அப்புறம் ஒரு கொண்டை ஊசி வளைவில் பக்கத்து சீட்டு அம்மாவுக்குத் தலை சுற்றும். இவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டுவார், ஷட்டரைத் தூக்கிவிடுவார், எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுப்பார். அதிலிருந்து ஊட்டி வரைக்கும் அவர்கள் பேச்சு நிற்காது. இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு பேரனோடு மலை ரயிலில் போனேன். 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பழைய பெட்டிகளில் உள்ளே நடைவழி கிடையாது, அறைக்கு அறை தனிக் கதவு. எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். கல்லார் தாண்டிப் பல்சக்கரப் பாதை தொடங்கும் வரை எங்கள் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் செல்போனில். முதல் சுரங்கத்தில் பிள்ளைகள் ஊளையிட்டதும் பெரியவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்களே, அங்கேதான் பேச்சு ஆரம்பித்தது. எல்லோரும் இறங்கி வரிசையாக நின்று பள்ளத்தைப் பார்த்தோம். “அது என்ன மரம்?” “அந்தக் குரங்கு பையைப் பிடுங்கப் பார்க்குது, பார்த்து.” எதிரெதிரே உட்கார்ந்து பேசாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசினார்கள்.

கூச்சம் உள்ளவருக்கு எதிரில் இருக்கும் முகம்தான் பாரம். இருவரும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்த்தால் அந்தப் பாரம் இறங்கிவிடும். உங்கள் தம்பி தோட்டத்தில் நன்றாக இருப்பதும் வாசலில் திணறுவதும் எனக்கு நன்றாகவே புரிகிறது அம்மா.

உளவியல் வகுப்பு

விசில் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. மலைமேல் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில், கூச்சமும் அமைதியும் ஒன்றல்ல. தனியாக இருப்பதை விரும்புகிற ஆள் உண்டு. ஆட்களோடு இருக்க ஆசைப்பட்டும் வாய் வராத ஆள் உண்டு. ஜொனாதன் சீக், ஆர்னால்டு பஸ் என்ற இருவர் 1981-இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். முன்பின் தெரியாதவர்களைச் சந்திக்க வைத்துப் பார்த்ததில் அதிகம் தடுமாறியவர்கள், பழக ஆசையும் கூச்சமும் ஒன்றாக உள்ளவர்கள். கண்ணைத் திருப்பிக்கொள்வது, கையைப் பிசைவது, பேச்சு குறைவது எல்லாம் அவர்களிடம்தான் கூடுதல். பார்க்கிறவருக்கு அது ஆர்வமின்மையாகத் தெரியும். உள்ளே இருப்பதோ அதற்கு நேர் எதிர்.

இரண்டாவது, முதல் பார்வை மிக வேகமானது. 2006-இல் வில்லிஸ், டொடோரோவ் இருவரும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் முகங்களைக் காட்டி, இவர் நம்பத்தகுந்தவரா, இவரைப் பிடிக்கிறதா என்று கேட்டார்கள். நேரம் கூட்டிக் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தன் தீர்ப்பின் மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. ஒருவர் கலகலப்பானவரா இல்லையா என்பதை அறிமுகமே இல்லாதவர்கள்கூட ஓரளவு சரியாகக் கணிக்கிறார்கள். ஆனால் அவருடைய பதற்றத்தை வெளியிலிருந்து கணிப்பது மிகக் கடினம். ஆகவே உங்கள் விருந்தினர் “இவன் பேசாதவன்” என்று சரியாகவே பார்க்கிறார்கள். “இவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை” என்பது அவர்களாகச் சேர்த்துக்கொள்வது.

மூன்றாவது, இதுதான் எனக்குப் பிடித்தது. ஏவ்ரில் தோர்ன் 1987-இல் இருவர் இருவராகப் பேசவிட்டுக் கேட்டார். கலகலப்பான இருவர் சேர்ந்தால் பல விஷயங்களைத் தொட்டுத் தாவினார்கள், “நானும் அப்படித்தான்” என்று பொதுவானதைத் தேடினார்கள். அமைதியான இருவர் சேர்ந்தால் ஒரே விஷயத்தில், பெரும்பாலும் ஏதோ ஒரு பிரச்சினையில், நின்றார்கள். கலந்த ஜோடியில் இரு பக்கமும் ஒருவரிலிருந்து ஒருவர் ஆறுதல் கண்டார்கள். அமைதியானவருக்கு, பேச்சை இழுத்துப் போக ஆள் கிடைத்த நிம்மதி. கலகலப்பானவருக்கு, எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்கிற நிம்மதி. எனவே முதல் சந்திப்பு எப்படி அமையும் என்பது உங்கள் தம்பியின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. எதிரில் யார் வந்து இறங்குகிறார் என்பதும் அதில் பாதி.

நேர்பேச்சு

மேடம், நல்ல தகவல்கள். ஆனால் இதெல்லாம் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. நம் ஊரில் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாலே “எந்த ஊர் தம்பி, கல்யாணம் ஆயிடுச்சா” என்று ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே பேசுவதுதான் வழக்கம். பேசாதவர் தனித்துத் தெரிவார், அதனால் இங்கே அவருக்குச் சிரமம் கூடுதல். அதைத்தான் சொல்கிறேன், பழகிக்கொள்வது அவருக்கே நல்லது.

பூம்பாறைப் பூண்டு

நான் பழனி மலைப்பக்கம். பூண்டும் உருளையும் கேரட்டும் போடுகிறோம். நேர்பேச்சு அண்ணன் சொல்வது சமவெளிக்குச் சரி, மலைக்கு அவ்வளவு சரியில்லை. எங்கள் ஊரில் புது ஆளைப் பார்த்தால் முதலில் பேசமாட்டோம். பார்த்துக்கொண்டு நிற்போம். டூரிஸ்ட்டுகள் அதை முறைப்பு என்று நினைக்கிறார்கள். மேல்மலையில் ஒரு காலத்தில் புது ஆள் வருவதே அபூர்வம். யார், யார் வீட்டுக்கு, என்ன வேலையாக என்று தெரிந்த பிறகுதான் வாய் திறப்பது. அதை ஒரு மனுஷனின் குணம் என்று எழுத முடியாது, ஊரே அப்படித்தான்.

வியாபாரத்திலும் பார்த்திருக்கிறேன். பூண்டு கொண்டுபோய் வடுகபட்டிச் சந்தையில் இறக்கும்போது இரண்டு விதமான வியாபாரிகள் வருவார்கள். ஒருவர் தோளில் கை போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அப்பா சௌக்கியமா என்று கேட்பார். அவருக்கு என் அப்பாவைத் தெரியவே தெரியாது. இன்னொருவர் வந்ததும் ஒரு பூண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். பல்லைப் பிரித்து, தோலின் நிறத்தைப் பார்த்து, மோந்து பார்ப்பார். அப்புறம் ஒரு விலை சொல்வார். முதல் தடவை எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தவரிடம்தான் போவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது நான் சரக்குக் கொடுப்பது இரண்டாவது ஆளுக்கு. அவர் இன்றைக்கும் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஆனால் எடையில் கை வைத்ததும் இல்லை.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் பாருங்கள், அதில் வாய்ப்பேச்சே கிடையாது. முன்பின் தெரியாத இரண்டு பேர் பெரிய பணத்தை அப்படி முடித்துக்கொள்கிறார்கள். முறை என்று ஒன்று இருந்தால் கூச்சக்காரன் வாயாடி எல்லாம் ஒன்றுதான்.

ஹட்டிப்பெண்

அண்ணா கடைசியில் சொன்ன முறையைப் பற்றி எனக்கும் சொல்ல வேண்டும். நான் படகர் சமூகம். எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், பெரியவர்களைச் சந்தித்தால் சின்னவர்கள் தலை குனிய வேண்டும், அவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்வார்கள். அப்புறம் எந்த ஹட்டி, யார் மகள் என்ற கேள்வி வரும். பதில் சொன்னதும் அவர்களே “அப்படியா, உன் பாட்டி எங்களுக்கு இந்த வழியில் உறவு” என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

சின்ன வயதில் நான் ரொம்பக் கூச்சம். ஆனால் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எத்தனையோ ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் எனக்குப் பயம் வந்ததே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும், அதனால் முதல் நிமிடம் எளிதாகக் கடந்துவிடும். கல்லூரிக்குச் சென்னை போனபோதுதான் தவித்தேன். விடுதியில் “ஹாய்” என்றால் அடுத்து என்ன சொல்வது? யாரும் தலையில் கை வைக்கமாட்டார்கள், யாரும் யார் மகள் என்று கேட்கமாட்டார்கள். அங்கே என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்றார்கள். அதே பெண்ணை ஊரில் மரியாதை தெரிந்தவள் என்பார்கள்.

அக்கா, தம்பிக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒரு சின்ன முறை வைத்துக் கொடுங்கள். தினம் தினம் புதிதாக யோசிக்க வேண்டாத ஒன்று.

பந்தலூர் லயம்

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் பதிந்து, கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். தாத்தா அங்கேயும் கொழுந்துத் தொழிலாளி, இங்கேயும் அதேதான்.

அப்பா புது ஆட்கள் முன்னால் வாயே திறக்கமாட்டார். வாய் திறந்தால் பேச்சு காட்டிக் கொடுத்துவிடும், “சிலோன் ஆளா?” என்பார்கள், அதற்குப் பிறகு கேட்கும் தொனி மாறும். கடையில் கடன் சொல்வதிலிருந்து வீடு கேட்பது வரைக்கும் அந்தத் தொனி இருந்தது. லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், அவர் வேறு ஆள். கதை, பாட்டு, கேலி என்று இரவு முழுக்கப் பேசுவார். அவரை வாசலில் மட்டும் பார்த்த எவருக்கும் அவர் இன்ட்ரோவர்ட். எனக்கு அவரைவிடப் பேச்சுக்காரர் யாரையும் தெரியாது.

அதனால் ஒருவர் முதல் சந்திப்பில் பேசவில்லை என்றால் உடனே அதைக் குணக் கணக்கில் எழுதாதீர்கள். முன்னால் யாரோ அவரை எப்படி நடத்தினார்கள் என்பதன் மிச்சமாகவும் அது இருக்கலாம். மிளகுக்கொடி அக்கா, தம்பியை யாராவது விருந்தினர் முன்பு அவமானப்படுத்தியிருக்கிறார்களா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

ஒற்றைப் பை

நான் தனியாகப் பயணம் செய்கிற பெண், மதுரை. எல்லோரும் தம்பியின் பக்கமிருந்து யோசிக்கிறீர்கள். நல்லதுதான். நான் வண்டியிலிருந்து இறங்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கொடைக்கானலில், ஊருக்கு வெளியே ஒரு இடத்துக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டைத் திறந்தவர் ஒன்றும் பேசாமல் என் பையை வாங்கிக்கொண்டு இருட்டில் நடந்தார். பின்னால் போகிறேன். எங்கே போகிறோம், எவ்வளவு தூரம், அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா, எதுவும் தெரியாது. அந்த நடை எனக்கு மிக நீளமாக இருந்தது. கையில் செல்போனை இறுகப் பிடித்திருந்தேன், சிக்னல் இல்லை. உள்ளே போனதும் அவருடைய மனைவி சூடாகச் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார், இருவரும் அருமையான மனிதர்கள். ஆனால் அந்த இருட்டு நடையில் அவர் அமைதியானவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் கலகலப்பாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லப்போனால் ராத்திரியில் தனியாக வரும் பெண்ணிடம் ஒரு ஆண் அளவுக்கு மீறிக் கலகலப்பாகப் பேசினாலும் பயம்தான். எனக்கு வேண்டியது தகவல். உங்கள் பெயர், வீட்டில் யார் இருக்கிறார்கள், அறை எங்கே. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு அப்புறம் காலை வரை பேசாமல் இருந்தாலும் நான் நிம்மதியாகத் தூங்குவேன். மௌனம் ஒரு ஆண் விருந்தினருக்குத் திமிராகத் தெரியலாம். எங்களுக்கு அது ஆபத்தாகத் தெரியும். தயவு செய்து இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

நேர்பேச்சு

சகோதரி சொல்வது நான் யோசிக்காத கோணம். இதைத்தான் நான் வேலை என்று சொல்ல நினைத்தேன், இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்ல வரவில்லை. கலகலப்பைக் கேட்காமல் தகவலைக் கேட்பது நியாயமாகப் படுகிறது. அது யாராலும் முடியும்.

உளவியல் வகுப்பு

ஒற்றைப் பைக்கு நன்றி. வகுப்பில் இனி இதையும் சொல்வேன்.

மிளகுக்கொடி, “மாறச் சொல்லலாமா” என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002-இல் வில்லியம் ஃபிளீசன் குழு, கொஞ்ச நேரம் கலகலப்பாக நடந்துகொண்டால் அமைதியானவர்களுக்கும் மனம் உற்சாகமாகிறது என்று காட்டியது. நேர்பேச்சு அண்ணன் சொல்வதற்கு அது ஆதரவு. ஆனால் 2019-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு வாரம் முழுக்க அப்படி நடந்துகொள்ளச் சொன்னபோது, இயல்பிலேயே அமைதியானவர்களுக்குப் பலன் குறைவு. களைப்பு வந்தது, தான் தானாக இல்லை என்ற உணர்வும் வந்தது. அதாவது ஐந்து நிமிடம் கேளுங்கள், நாள் முழுக்கக் கேட்காதீர்கள். சீசனில் மூன்று அறைக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கும்போது இது பெரிய வித்தியாசம்.

இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. ஹரால்டு கெல்லி 1950-இல் ஒரு வகுப்புக்குப் புது விரிவுரையாளரை அழைத்து வந்தார். வரும் முன் அவரைப் பற்றிய சிறு குறிப்பை மாணவர்களுக்குக் கொடுத்தார். பாதிப் பேருக்குப் போன குறிப்பில் அன்பானவர் என்றும், மீதிப் பேருக்குச் சற்று ஒட்டாதவர் என்றும் இருந்தது. மற்றதெல்லாம் ஒன்றே. ஒரே ஆள், ஒரே வகுப்பு. அன்பானவர் என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் விவாதத்தில் பேசினார்கள், மற்றவர்களில் 32 சதவீதம். முன்பதிவை உறுதிசெய்து அனுப்பும் வாட்ஸப் செய்தியில் “உங்களை வரவேற்பவர் என் தம்பி, அதிகம் பேசமாட்டார், இந்தக் காட்டை அவரைப் போல அறிந்தவர் இங்கே குறைவு” என்று எழுதிவிடுங்கள். விருந்தினர் அந்தக் கண்ணோடு வந்து இறங்குவார்கள்.

பூம்பாறைக்காரர் சொன்ன டீ வியாபாரிக்கும் ஆய்வு இருக்கிறது. டெல்ராய் பால்ஹஸ் 1998-இல் மாணவர் குழுக்களை வாரம் ஒன்றாக ஏழு முறை கூட்டினார். தன்னை உயர்த்திக் காட்டுகிறவர்கள் முதல் கூட்டத்தில் நல்ல பெயர் வாங்கினார்கள். ஏழாவது கூட்டத்தில் அந்தப் பெயர் கவிழ்ந்துவிட்டது. உங்கள் விருந்தினருக்கு ஏழு சந்திப்பு கிடையாது, இரண்டு ராத்திரிதான். அதனால்தான் முதல் அரைமணிக்கு இவ்வளவு கனம்.

மிளகுக்கொடி

எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. இழை முழுவதையும் தம்பியிடம் காட்டினேன். பந்தலூர் லயம் சொன்னபடி கேட்டும் பார்த்தேன். அவமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லையாம். நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தது இவ்வளவுதான்: வாசலில் மூன்று வரி, பெயரும் அறையும் வீட்டில் யார் இருக்கிறோம் என்பதும். அப்புறம் விருந்தினரை நேரே அறைக்குக் கூட்டிப் போகாமல் பின்பக்கத் திட்டுக்குக் கூட்டிப் போவது. அங்கிருந்து பள்ளத்தாக்கு தெரியும், டீயை அங்கேயே கொடுத்துவிடலாம். விசில் ஐயா சொன்ன பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அங்கே தானாக நடக்கும். வாட்ஸப் செய்தியையும் மாற்றிவிட்டேன். போன வாரம் வந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு இது நன்றாக வேலை செய்தது. இன்னொரு குடும்பம் திட்டில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு டிவி எங்கே என்று கேட்டது, அவர்களுக்குத் தம்பி பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான்.

அவனே எழுத வேண்டும் என்கிறான்.

இரண்டிலை மொட்டு

நான்தான் அந்தத் தம்பி. எல்லோருக்கும் வணக்கம்.

வண்டிக் கதவு திறந்ததும் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாது. ஒருவருக்குச் சொல்லும் முன் அடுத்த கேள்வி வந்துவிடும். அதனால் பெட்டியைப் பார்ப்பேன். பெட்டி எடுப்பது எனக்குத் தெரிந்த வேலை. யாரையும் எனக்குப் பிடிக்காமல் இல்லை. சொல்லப்போனால் நடந்து போகும்போது நான் அவர்களைத்தான் கவனித்துக்கொண்டு வருவேன். யாருக்கு முழங்கால் வலி, எந்தக் குழந்தை பள்ளத்தைப் பார்த்து ஒதுங்குகிறது, யார் காலில் வழுக்கும் செருப்பு என்று வாசலிலிருந்து அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பார்த்துவிடுவேன். காலையில் எந்த வழியாகப் போவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

சிரி, சிரி என்று சொல்வது மட்டும் எனக்குக் கஷ்டம். மூன்று வரி சொல்ல முடியும். எழுதி வைத்து இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன்.

ஒற்றைப் பை அக்கா எழுதியதைப் படித்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் பின்னால் வருகிறவர் பயந்திருக்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது இருட்டில் வந்தால் டார்ச்சை விருந்தினர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உளவியல் மேடத்திடம் ஒரு கேள்வி. அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எனக்கும் அடிக்கடி தோன்றும். கிளம்பும்போது அவர்கள் படம் எடுக்கக் கூப்பிட்டால் அக்காவுக்காகச் செய்கிறார்கள் என்று நினைப்பேன். இது எனக்கு மட்டும்தானா?

உளவியல் வகுப்பு

உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி. எரிக்கா பூத்பியும் கஸ் கூனியும் இன்னும் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். புதிதாகச் சந்தித்துப் பேசியவர்களிடம், எதிராளிக்கு உங்களை எவ்வளவு பிடித்தது என்று தனித்தனியே கேட்டார்கள். பொதுவாக எல்லோருமே உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிட்டார்கள். கூச்சம் கூடக் கூட அந்தக் குறைமதிப்பும் கூடியது. ஒரே விடுதியில் தங்கிய மாணவர்களிடம் இது மாதக்கணக்கில் நீடித்தது. அவர்கள் உங்களோடு படம் எடுத்துக்கொள்வது உங்களுக்காகத்தான்.

ஒற்றைப் பை

தம்பி, டார்ச் நல்ல யோசனை. நன்றி. அடுத்த மாதம் கோத்தகிரி வர நினைக்கிறேன், தனியாகத்தான். லாங்வுட் சோலைக்குள் போகலாமா? கோடநாடு காட்சிமுனைக்குப் பேருந்து உண்டா?

இரண்டிலை மொட்டு

லாங்வுட் சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும் அக்கா. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அனுமதி இல்லாமல் தனியாக உள்ளே போகாதீர்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு. காலையில் போவது நல்லது. மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், முழங்கால் வரை வரும் சாக்ஸ் போட்டு பேண்ட்டை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் பேசாமல் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றால் நீலகிரிச் சிரிப்பான் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம்தான் பறவை கண்ணில் படும். புதருக்குள் தாழ்வாக இருக்கும், மேலே தேட வேண்டாம். கிளை பலமாக ஆடினால் அது கருமந்தியாக இருக்கும். 2024-இல் இந்தச் சோலையை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், எங்கள் ஊருக்குப் பெருமை. கோத்தகிரிக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற காடு அது.

கோடநாட்டுக்குக் கோத்தகிரியிலிருந்து பேருந்து போகிறது. மேகம் இல்லாத நாளில் கீழே மோயாறும் தெங்குமரஹாடாவும் தெரியும், எதிரே ரங்கசாமி மலை. மேகம் மூடினால் ஒன்றுமே தெரியாது. காலையில் எங்கள் வீட்டுத் திட்டிலிருந்து பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று ஓரளவு தெரியும். நீங்கள் எங்கே தங்கினாலும் பரவாயில்லை, கிளம்பும் முன் அக்காவின் எண்ணுக்குச் செய்தி போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.